ராத்திரியில் படுத்துக்கொள்ளும் வண்டி: ஏர் சஸ்பென்ஷன் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அங்கிள் போன் செய்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐம்பதைத் தாண்டிய தமிழர் எல்லாருமே அங்கிள்தான், அதனால் பெயரைச் சொல்லவில்லை என்று குறை நினைக்க வேண்டாம். "தம்பி, வண்டி மறுபடியும் படுத்துக்கிச்சு. முன்னால இடது பக்கம் டயர் மேலேயே உக்காந்திருக்கு. கம்ப்ரஸர் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆச்சு. அதுக்குள்ள போயிடுச்சா?"

"ஸ்டார்ட் பண்ணினா எழுந்திருக்குதா அங்கிள்?"

"எழுந்திருக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகாது. நாள் பூரா நல்லா ஓடுது. ராத்திரி விட்டா காலையில இப்படி."

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் சொன்னதிலேயே இருந்தது. ஒரு நிமிஷத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்துகிற கம்ப்ரஸர் கெட்டுப்போனதாக இருக்க முடியாது. தூக்கிய காற்று எங்கேயோ வெளியே போகிறது. போன தடவையும் அதே இடத்தில்தான் போயிருக்க வேண்டும். ஓட்டையை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மாற்றியிருக்கிறார்கள்.

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் இந்த மாதிரி வண்டி நிறைய. லேண்ட் ரோவர், ரேஞ்ச் ரோவர், மெர்சிடிஸ், ஆடி, போர்ஷே கம்பெனிகளின் பெரிய வண்டிகள் பத்துப் பதினைந்து வயதானதும் செகண்ட் ஹேண்டில் புது சின்னக் காரின் விலைக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. ஆசையாக வாங்குகிறோம். அதன் காற்று ஸ்பிரிங்குக்கும் அதே வயது என்பது வாங்குகிற அன்று யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மெக்கானிக் இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும்படி, அங்கிளின் வண்டியை வைத்தே இதை விளக்கப் பார்க்கிறேன்.

காற்று எப்படி வண்டியைத் தாங்குகிறது?

சாதாரணக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு காயில் ஸ்பிரிங். பழைய பக்கியில் (இங்கே பின்னால் திறந்த சின்ன லோடு வண்டிக்குப் பக்கி என்று பெயர்) பின்பக்கம் பட்டை பட்டையாக அடுக்கிய கட்டு ஸ்பிரிங். இரண்டுமே இரும்பு. சுமை ஏறினால் அழுந்தும், இறங்கினால் நிமிரும். ஏர் சஸ்பென்ஷனில் அந்த இரும்பின் இடத்தில் தடித்த ரப்பர் பை ஒன்று இருக்கிறது. அதற்குள் அழுத்தக் காற்று. லாரிக்காரர்கள் இதைப் பெல்லோ என்பார்கள். ஏர் பேக் என்றும் சொல்வது உண்டு. ஆனால் விபத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து வரும் ஏர் பேக்கோடு குழம்பிவிடும் என்பதால் இங்கே பெல்லோ என்றே எழுதுகிறேன்.

கணக்கு எளிது. வண்டி 2,400 கிலோ என்று வையுங்கள். நான்கு மூலைக்கும் சமமாகப் பிரித்தால் மூலைக்கு 600 கிலோ. பெல்லோவின் உள்ளே காற்று தள்ளுகிற பரப்பு 90 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் கிட்டத்தட்ட 6.7 கிலோவைத் தாங்க வேண்டும். அதாவது 6.5 பார் அளவு அழுத்தம். கார் டயரில் நாம் அடிப்பது 2.2, 2.3 பார்தான். டயரைப் போல மூன்று மடங்கு அழுத்தம், டயரைவிட மெல்லிய ரப்பருக்குள், நாள் முழுக்க மடிந்து மடிந்து விரிகிறது. பத்து வருஷத்தில் அது வெடிப்பு விடுவதில் என்ன ஆச்சரியம்?

இதனால் என்ன லாபம் என்றால், காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினாலும் பின்பக்கம் தொங்காது. கரடுமுரடான பாதையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி உயர்ந்து நிற்கும், பாட்டி ஏறி இறங்கும்போது தாழ்ந்து கொடுக்கும். 1957-ல் கெடிலாக் எல்டொராடோ புரோமில் இதைப் போட்டார்கள். 1992-ல் ரேஞ்ச் ரோவரில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு வந்தது. சிட்ரோன் டிஎஸ் 1955-லேயே செய்துவிட்டதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அது எண்ணெயும் நைட்ரஜனும் சேர்ந்த வேறு ஏற்பாடு. இன்னொரு நாள் பேசலாம்.

பெல்லோவுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? ஒரு சின்ன மின்சாரக் கம்ப்ரஸர் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று டிரையர் என்ற குப்பி வழியாகப் போகும். உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கும். புதுச் செருப்பு டப்பாவில் சின்னப் பொட்டலமாகக் கிடக்குமே, அதே சரக்கு. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்த காற்று வால்வ் பிளாக்குக்குப் போகிறது. நான்கு வயல்களுக்கு மடை திறந்து மூடுகிற மாதிரி, எந்த மூலைக்கு எவ்வளவு காற்று என்று திறந்து மூடுவது அதன் வேலை. அவசரத்துக்குச் சேமித்து வைக்க ஒரு டாங்கும் பல வண்டிகளில் உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு உயர சென்சார், எல்லாவற்றையும் பார்த்து உத்தரவு போட ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அவ்வளவுதான் சாமான்.

சில வண்டிகளில், உதாரணமாக டொயோட்டா பிராடோவின் சில மாடல்களில், பின்பக்கம் மட்டும்தான் காற்று. பெரிய லாரியிலும் பஸ்ஸிலும் பிரேக்குக்கு இருக்கிற காற்றையே எடுத்துக்கொள்வார்கள். சென்சாருக்குப் பதில் ஒரு கம்பி வால்வைத் தள்ளும். அவை பழுது பார்க்க ரொம்பச் சுலபம்.

மூன்றில் ஒன்று

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தாலும், "சஸ்பென்ஷன் கோளாறு" என்று எழுத்து வந்தாலும், அடிப்படையில் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். ஒன்று, காற்று வெளியே போகிறது. இல்லை, காற்று உள்ளே வரவில்லை. அதுவும் இல்லை என்றால் காற்று சரியாக இருக்கிறது, சென்சார் தப்பாகச் சொல்கிறது. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பிறகு தேட வேண்டிய இடம் குறைந்துவிடும்.

பிரிப்பதற்கு ஸ்கேனர் தேவையில்லை. தையற்கடை இஞ்சு டேப்பும் ஒரு துண்டுச் சாக்பீஸும் போதும். அங்கிளிடம் அன்று நான் சொன்னது இதைத்தான்: "இன்னிக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டாம். சமமான தரையில நிறுத்துங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு சக்கரத்துக்கும் அளவெடுங்க. காலையில ஆறு மணிக்கு, கதவைத் திறக்கிறதுக்கு முன்னாலயே, மறுபடி எடுங்க."

கதவைத் திறப்பதற்கு முன்னால் என்று சொல்லக் காரணம் உண்டு. பல வண்டிகளில் கதவைத் திறந்தவுடன் கட்டுப்பாட்டுப் பெட்டி விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். நாம் பார்க்க வந்த தடயம் அழிந்துவிடும்.

அளவு எங்கிருந்து எங்கே? தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பவர்கள் உண்டு. அப்படி அளந்தால் டயரில் காற்று குறைந்திருந்தாலும் பெல்லோ மேல் பழி விழும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே, மட்கார்டின் ஓரம் வரை அளக்க வேண்டும். அளந்த எண்ணை அந்தந்த டயரிலேயே சாக்பீஸால் எழுதிவிடலாம்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் நான்கு படம் வந்தது. முன் இடது ராத்திரி 46.5 சென்டிமீட்டர், காலையில் 39. முன் வலது 46.5-லிருந்து 46. பின்னால் இரண்டும் அரை சென்டிமீட்டர் குறைவு.

அந்த அரை சென்டிமீட்டரைப் பார்த்து அங்கிள் பயந்துபோனார். "நாலும் லீக்கா தம்பி?" இல்லை. காற்று குளிர்ந்தால் சுருங்கும். சாயங்காலம் 30 டிகிரியில் இருந்த காற்று விடியற்காலை 10 டிகிரிக்கு இறங்கினால், அதன் கன அளவு நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு குறையும். வண்டி ஒரு சென்டிமீட்டர் வரை தாழலாம். டர்பனில் இவ்வளவு வித்தியாசம் வராது, கடல் விடாது. ஹாரிஸ்மித் பக்கம் குளிர்காலத்தில் ஒரு ராத்திரி தங்கினால் நன்றாகவே தெரியும். எல்லா மூலையும் கொஞ்சமாக, ஏறக்குறையச் சமமாகக் குறைந்தால் அது குளிர். ஒரு மூலை மட்டும் தனியாகப் பள்ளத்தில் விழுந்தால் அது லீக்.

இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சில வண்டிகளில், நிறுத்திப் பூட்டிய பிறகும், கட்டுப்பாட்டுப் பெட்டி சில மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், வண்டி கோணலாக நிற்கக் கூடாது என்று மற்ற மூன்று மூலைகளிலிருந்தும் காற்றைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் அதே மட்டத்துக்கு இறக்கிவிடும். காலையில் பார்க்கிறவருக்கு நான்கு பெல்லோவும் போன மாதிரி தோன்றும். உண்மையில் போனது ஒன்றுதான், மற்ற மூன்றும் துணைக்குப் படுத்தவை. நான்கு பெல்லோவையும் மாற்றச் சொல்லி மதிப்பீடு எழுதிக் கொடுத்த காகிதத்தை நான் பார்த்திருக்கிறேன். இதைத் தவிர்க்க, வண்டியை நிறுத்தியதும் சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். எந்த ஃபியூஸ் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அப்போது பெட்டி தலையிட முடியாது. லீக்கான மூலை மட்டும் இறங்கும், மற்றவை நிற்கும்.

இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் சேதி சொல்லும். பத்து நிமிஷத்தில் இறங்கினால் பெரிய கிழிசல், காது கொடுத்தாலே 'உஸ்' என்று கேட்கும். ஒரு ராத்திரி ஆனால் மயிரிழை வெடிப்பு, இல்லை குழாய் மூட்டு. நான்கைந்து நாள் ஆனால் வால்வ் பிளாக்கின் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கலாம். அதையும் உடனே மாற்ற வேண்டும் என்பதில்லை, தினம் ஓட்டுகிற வண்டியில் அது தெரியவே தெரியாது.

சரி, நிற்கிற உயரமே தப்பு, ஆனால் ராத்திரியும் காலையும் அதே அளவு என்றால்? காற்று போகவில்லை. சென்சார் பக்கம் போங்கள்.

பஞ்சர் கடைப் பாடம்

சின்ன வயதில் சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லித்தர ஒன்றும் இல்லை. வண்டியைத் தொட்டியில் அமுக்க முடியாது என்பதால் பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறோம்.

எங்கே தெளிப்பது என்பதுதான் விஷயம். பெல்லோவின் அடிப்பகுதியில் ரப்பர் உள்பக்கமாக மடிந்து ஒரு உருளையின் மேல் சுருண்டிருக்கும். வண்டி ஏறி இறங்கும்போது அந்த மடிப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். மணலும் மண்ணும் அங்கேதான் சிக்கும். டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினம் போய்வருகிற வண்டியின் மடிப்பைக் கழுவினால் ஒரு கைப்பிடி மண் வரும். அது உப்புத்தாள் மாதிரி ரப்பரை அராவுகிறது. வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான். வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது அது மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அதனால் வண்டியை அதிகபட்ச உயரத்துக்கு ஏற்றிவிட்டு, மடிப்பு விரிந்ததும் தெளிக்க வேண்டும். அதன் பிறகு தாழ்ந்த உயரத்திலும் ஒரு முறை. சில வெடிப்பு மேலே போனால்தான் வாய் திறக்கும், சிலது கீழே வந்தால்தான்.

பொறுமை வேண்டும். பெரிய குமிழ் உடனே வந்துவிடும். மயிரிழை வெடிப்பில் ஒரு நிமிஷம் கழித்து, பால் பொங்கி வருவதற்கு முன்னால் ஓரத்தில் நுரை கட்டுமே, அந்த மாதிரி வெள்ளையாக ஒரு பொட்டு திரளும். டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் கண்ணில் படும்.

பெல்லோ சுத்தமாக இருந்தால் அடுத்தது குழாய் மூட்டு. பெல்லோவின் தலையில் நைலான் குழாய் நுழைகிற இடம், வால்வ் பிளாக்கில் நுழைகிற இடம். குழாயின் நுனி கோணலாக வெட்டப்பட்டிருந்தாலோ கீறியிருந்தாலோ உள்ளே உள்ள ரப்பர் வளையம் சரியாகப் பிடிக்காது. இதற்கு வைத்தியம் செலவே இல்லாதது: காற்றை இறக்கிவிட்டு, குழாயைக் கழற்றி, கூரான பிளேடால் நேராக அரை சென்டிமீட்டர் வெட்டி, மறுபடி அழுத்திச் சொருகுவது.

அங்கேயும் குமிழ் இல்லை, ஆனால் மூலை மட்டும் இறங்குகிறது. இப்போது பெல்லோவா, வால்வ் பிளாக்கின் உள்ளேயா என்று எப்படிச் சொல்வது? வால்வுக்குள் நடக்கும் கசிவு வெளியே குமிழ் விடாது. உள்ளுக்குள்ளேயே போய், காற்றை வெளியேற்றும் வழியாகக் கம்ப்ரஸர் பக்கம் வெளிவரும். இதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சந்தேகமான மூலையின் குழாயை வால்வ் பிளாக்கிலிருந்து கழற்றி, அதன் நுனியில் டயர் வால்வு மாதிரி ஒரு சின்ன வால்வைப் பொருத்தி, பட்டறைக் காற்றை அதன் வழியே நேரடியாக அடித்து வண்டியைத் தூக்கி நிறுத்துவது. ஃபியூஸ் வெளியே இருக்க வேண்டும். இப்போது அந்த மூலைக்கும் வால்வ் பிளாக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காலையில் வந்து பார்த்தால், மூலை இறங்கியிருந்தால் பெல்லோ அல்லது குழாய். நிமிர்ந்து நின்றால் வால்வ் பிளாக். கெட்டது எது என்று அனுமானிக்க இடமே இல்லாத சோதனை இது. ஆனால் ஒரு ராத்திரி ஆகும். அந்த ஒரு ராத்திரிக்குக் காத்திராமல்தான் பலர் பல ஆயிரம் ரேண்டைச் செலவழிக்கிறார்கள்.

கம்ப்ரஸர் ஏன் சாகிறது?

இந்தக் கம்ப்ரஸர் சின்னது. விட்டு விட்டு வேலை செய்வதற்காகச் செய்தது. காலையில் அரை நிமிஷம், ஆள் ஏறினால் சில நொடி, டாங்கை நிரப்பக் கொஞ்ச நேரம். லீக் இருந்தால் அது ஓயாமல் ஓடும். உள்ளே பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்து, காற்றைத் தள்ளும் பலம் குறைகிறது. பலம் குறைந்ததால் இன்னும் அதிக நேரம் ஓட வேண்டும். ஓட ஓடச் சூடு. ஒரு அளவுக்கு மேல் சூடானால் கட்டுப்பாட்டுப் பெட்டியே அதை நிறுத்திவிடும். "தம்பி, விளக்கு எரிஞ்சது, அரை மணி நேரம் நிறுத்திட்டுப் பார்த்தா சரியாப் போச்சு" என்று யாராவது சொன்னால், கம்ப்ரஸர் சூடாகி ஓய்வெடுத்திருக்கிறது என்று பொருள்.

டர்பன்காரர்களுக்கு இதோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர், ஜனவரியில் இங்கே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருக்கும். அந்த ஈரத்தை எல்லாம் டிரையர் குடிக்கிறது. வண்டி தாழும்போது வெளியேறும் காய்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பிப் போய் அதை உலர்த்தும் என்பதுதான் அமைப்பு. லீக் இருக்கிற வண்டியில் காற்று டிரையர் வழியாகத் திரும்பாமல் ஓட்டை வழியாகப் போய்விடுகிறது. டிரையர் உலர நேரமே கிடைப்பதில்லை. மணிகள் ஊறி, உடைந்து, வெள்ளைப் பொடியாகி வால்வ் பிளாக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. குழாயைக் கழற்றும்போது வெள்ளைத் தூள் கொட்டினால் டிரையர் ஆயுள் முடிந்தது, வால்வ் பிளாக்கையும் சுத்தம் செய்தாக வேண்டும். ஈரம் தப்பிப் போனால் குளிர்ப் பிரதேசத்தில் வால்வுக்குள்ளேயே உறைந்து நிற்கும். டர்பனில் ஒன்றும் தெரியாத வண்டி டிராகன்ஸ்பர்க் மலைப்பக்கம் ஜூலை மாதக் காலையில் எழ மறுத்து, பத்து மணி வெயில் ஏறியதும் தானாக எழுந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

உயரமும் ஒரு கணக்கு. டர்பன் கடல் மட்டம். என்3 சாலையில் ஏறிப் போனால் ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கம்ப்ரஸரின் ஒவ்வொரு அடிக்கும் குறைவான காற்றுதான் உள்ளே வரும், அதனால் அதே வேலைக்கு அதிக நேரம் ஓடும். டர்பனில் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றிக்கொண்டிருந்த தேய்ந்த கம்ப்ரஸர், கல்யாணத்துக்கு ஜோகன்னஸ்பர்க் போன இடத்தில் விளக்கைப் போட்டுவிடும். கல்யாண வீட்டு வாசலில் வண்டி படுத்துக்கொண்ட கதை எங்கள் பட்டறைக்கு வருஷத்துக்கு இரண்டாவது வரும்.

கம்ப்ரஸர் ஓடவே இல்லை என்றால் உடனே அதைக் குற்றம் சொல்ல வேண்டாம். முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. ரிலே கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். உள்ளே உள்ள தொடுமுனை கருகினால் கம்ப்ரஸருக்கு மின்சாரமே போகாது. அதே முனை ஒட்டிக்கொண்டுவிட்டால், சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், அது எரிந்து போகும் வரை. அதனால் கம்ப்ரஸர் மாற்றினால் ரிலேயையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், கம்ப்ரஸர் ஓடும்போதே அதன் இணைப்பில் எத்தனை வோல்ட் வருகிறது, பேட்டரியில் எத்தனை என்று ஒப்பிடலாம். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலோ ரிலேயிலோ கோளாறு.

வண்டி நன்றாக இருக்கும்போதே, தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த நிலைக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மாதிரி எடுத்துப் பாருங்கள். 25 நொடி 45 ஆகியிருந்தால், விளக்கு எரிவதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சென்சாரும் ஸ்கேனரும்

சென்சார் என்பது வண்டியின் உடலில் ஒரு புறமும், சின்னக் கம்பி வழியாகச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில் மறுபுறமும் மாட்டியிருக்கும் கைப்பிடி போன்ற பாகம். கை மேலே கீழே போக, அது அனுப்பும் மின்னழுத்தம் மாறும். பெரும்பாலும் 5 வோல்ட் கொடுத்து 0.5-க்கும் 4.5-க்கும் நடுவில் திரும்பி வரும். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று இணைப்பின் முனைகளைப் பச்சையாக்கிவிடும். கம்பியின் குண்டு மூட்டு கழன்று தொங்குவதும் உண்டு. சென்சாரின் கம்பியைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்த்தால் ஸ்கேனரில் எண் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் குதித்தால் உள்ளே தேய்ந்துவிட்டது.

சென்சாரை மாற்றிய பிறகு உயரத்தை மறுபடி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புதுச் சென்சார் போட்ட பக்கம் ஒரு விரல் உயரமாகவே நிற்கும்.

ஸ்கேனர் பற்றி இரண்டு வார்த்தை. சந்தையில் கிடைக்கும் மலிவான கருவி என்ஜின் கோளாற்றை மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷன் பெட்டியோடு பேசத் தெரிந்த கருவி வேண்டும். அது சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லேண்ட் ரோவரில் சி1ஏ20 என்று ஒரு குறியீடு வரும். டாங்கை நிரப்பும்போது அழுத்தம் மெதுவாக ஏறுகிறது என்பது அதன் பொருள். அவ்வளவுதான் அது சொல்கிறது. "கம்ப்ரஸரை மாற்று" என்று அது சொல்லவில்லை. டாங்கின் மூட்டில் கசிவு இருந்தாலும் மெதுவாகத்தான் ஏறும், உறிஞ்சும் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மெதுவாகத்தான் ஏறும். பேட்டரி தளர்ந்த வண்டியில் சம்பந்தமே இல்லாத குறியீடுகள் வரிசையாக வரும். முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டி, திரும்பி வருவது எது என்று பார்ப்பேன்.

கையை உள்ளே விடும் முன்

காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். ஒரு குழாய் கழன்றால் கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். இரும்பு ஸ்டாண்டு நான்கு வைத்த பிறகுதான் அடியில் தலை போக வேண்டும். டாங்கில் 10 பாருக்கு மேலும் அழுத்தம் இருக்கும். குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் காற்றை முறையாக இறக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஜாக்கி போடும் முன் சஸ்பென்ஷனை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சக்கரம் தொங்குவதைப் பார்த்து, வண்டி உயர்ந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி காற்றைத் திறந்துவிடும். காற்றில்லாத பெல்லோவின் மேல் வண்டியை இறக்கினால் ரப்பர் தாறுமாறாக மடிந்து, புதுப் பெல்லோவே முதல் நாளில் கிழியும். கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு ஒழுங்காக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் முழுப் பாரத்தையும் இறக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். போடலாம், வண்டி ஓடும். உயரம் மாற்றுவது போய்விடும், பாரம் ஏற்றினால் பின்பக்கம் தொங்கும், விளக்கு எரியாமல் இருக்க ஒரு கருவியையும் மாட்ட வேண்டும். நான்கு பெல்லோவும் வால்வ் பிளாக்கும் கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் போன பழைய வண்டிக்கு அதில் நியாயம் இருக்கிறது. ஒரு பெல்லோ லீக்குக்காக அதைச் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அங்கிளின் வண்டி திங்கட்கிழமை வந்தது. அதிகபட்ச உயரத்துக்கு ஏற்றி, முன் இடது பெல்லோவைக் கழுவித் தெளித்தேன். மடிப்பின் உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கட்டை விரல் நகம் அளவுக்கு நுரை திரண்டது. அங்கிளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனூண்டா?" என்றார்.

பெல்லோவை மாற்றினோம். இரண்டு மாதக் கம்ப்ரஸர் தப்பித்தது, டிரையரை மட்டும் புதிதாகப் போட்டோம். வலது பெல்லோவிலும் மடிப்பில் லேசாக ரேகை விட்டிருந்தது. குமிழ் இல்லை. இடதும் வலதும் ஒரே வயது, ஒரே பாதையில் ஓடியவை, அதனால் அதற்கும் காசு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் தினமும் சாக்பீஸ் அளவு அனுப்பினார். எட்டாவது நாள் டயரில் எண்ணுக்குப் பதிலாக ஒரு டிக் மார்க் மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். இப்படி அனுப்பினால் எப்படி அங்கிள், எண் வேண்டும் என்று திரும்ப எழுதினேன். 46.5 என்று பதில் வந்தது.